சுரண்டாத பதிவேடு



பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாமாமே, அதை எப்படி நம்புவது?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். பிறந்த தேதி தவறாக இருந்தால் பிளேடால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, புதியதை மேலே எழுதி, தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் திருத்தத்தைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். சுரண்டிய இடத்தைப் பார்த்தால்தான் பேனாவை எடுப்பார்.

விக்கிப்பீடியாவும் அப்படிப்பட்ட பதிவேடுதான். ஆனால் பிறக்கும்போதே அப்படி இல்லை என்பதுதான் சுவையான செய்தி. பலர் சேர்ந்து திருத்தும் விக்கி முறையை வார்ட் கன்னிங்காம் 1995-இல் கொண்டுவந்தார். 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அது யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் ஓடியது. அந்த மென்பொருள் பழைய பதிப்புகளைச் சில நாள் வைத்திருந்து, பிறகு தானே கழித்துவிடும். சண்டையை மன்னித்து மறந்துவிடுவதே நல்லது என்று வாதிட்டவர்களும் அக்காலத்து விக்கிகளில் இருந்தார்கள். மனிதர்களுக்கு அது நல்ல குணம். ஆவணத்துக்கு ஆகாது.

2002-இல் மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய புதிய மென்பொருளும், அதே ஆண்டில் லீ டேனியல் குரோக்கர் திருத்தி எழுதியதும் வந்தபின் எல்லாப் பதிப்பும் தரவுத்தளத்தில் தங்கின. முதல் மாதங்களின் திருத்தங்கள் பல போய்விட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்பு நகல்களில் அவற்றைக் கண்டெடுத்தார்.

நம் தகடூருக்கு அப்படி ஒரு காப்பு நகல் கிடைக்கவில்லை. அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற கதையைச் சொன்ன 'தகடூர் யாத்திரை' முழு நூலாக நம்மிடம் இல்லை. புறத்திரட்டு தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்துக்காட்டிய பாடல்கள் சிலவே மிச்சம். ஏடு பெயர்த்து எழுதியவர் ஒரு சொல்லை மாற்றினால் மாற்றியவர் யார், ஏன் என்பது எங்கும் இராது. பழைய ஏடு செல்லரித்ததும் மாற்றமே மூலமாகிவிடும். உ.வே.சா. பதிப்புகளில் அடிக்குறிப்பாக வரும் 'பி-ம்' என்பது பிரதிபேதம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதையும் வாசகருக்குக் காட்டிவிடுவார். வகுப்பில் அதைத் தாண்டிப் போய்விடுவோம், பாவம் அந்த அடிக்குறிப்பு.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் வந்தது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியானது. அதற்கு முந்தைய தாள்களில் ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். இன்றைய வரைபடத்தை மட்டும் பார்க்கிற பிள்ளை அந்தத் தாளையே பிழை என்பான். தமிழ் விக்கிப்பீடியா 2003-லேயே தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தேதியில் எது எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அது பிழையா, பழைய உண்மையா என்று சொல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்குக் கவலை. ஊர்ப்பெயர், கோயில், அரச மரபு பற்றிய பக்கங்களில் தங்கள் சாதிக்கு ஒரு வரி சேர்த்துவிட்டு, மறுநாள் அதையே ஆதாரமாகக் காட்டுவது நடக்கும். திருமணப் பத்திரிகை வரை அந்த வரி போகும். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் அது எந்த நாளில், எந்தப் பயனர் பெயரில் நுழைந்தது, சான்று இருந்ததா, எத்தனை முறை நீக்கப்பட்டது எல்லாம் வரிசையாக நிற்கும். கணக்கு இல்லாமல் எழுதினால் பெயருக்குப் பதில் ஓர் எண் அடையாளம். ஒருவரின் தொலைபேசி எண், அவதூறு போன்றவற்றை நிர்வாகிகள் மறைக்கலாம். மறைத்த இடம் கோடிட்டே தெரியும். முழுப் பக்கத்தையே நீக்கிவிட்டால் மட்டும் அதன் பழைய பதிப்புகளை நாம் பார்க்க முடியாது. அது ஒரு குறைதான்.

ஆகவே தம்பி, பக்கத்தை அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். தர்மபுரி பக்கத்தில் வரலாற்றைக் காட்டும் இணைப்பைத் தொட்டு, பத்தாண்டு இடைவெளியில் இரண்டு தேதிகளைத் தேர்ந்து ஒப்பிட்டுப் பார். எந்த வரி மாறியிருக்கிறது, அதற்குச் சான்று தந்திருக்கிறார்களா என்று எனக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் தருகிறேன்.