தேர்வுக்கூடமும் ஆய்வுக்கூடமும்: திருவனந்தபுரத்தின் ஒரு பழைய வழக்கு

திருவனந்தபுரத்தில் தேர்வுக்காலம் பிறந்துவிட்டதைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் சிதறும் தேங்காய்களைக் கொண்டே அறியலாம். முன்னாளில் திருவிதாங்கூர் நாயர் படையினரின் வழிபாட்டிலிருந்து, இன்று இந்திய இராணுவத்தின் பொறுப்பில் உள்ள அக்கோயிலில், விக்கினம் நீங்க வேண்டுவோர் மாணவர்களே என்று எண்ணுவது வழக்கம். ஆசிரியருக்கும் அங்கே வேண்டிக்கொள்ளக் காரணம் உண்டு. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு வினாத்தாள் அமைத்தல், அறைக் கண்காணிப்பு, செய்முறைத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் ஆகியவை வந்து சேரும் வாரங்களில்தான் ஆய்வுத்திட்ட அறிக்கைக்கும் கெடு வருகிறது. இதைத் தனிமனிதரின் நேர நிருவாகக் குறையாகப் பேசுவது எளிது. இதன் வேர் 1857இல் இருக்கிறது.

அவ்வாண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அவை பாடம் நடத்தவில்லை. இணைவு பெற்ற கல்லூரிகள் கற்பித்தன. பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் அளித்தது. தேர்வுதான் பல்கலைக்கழகம் என்றே சொல்லிவிடலாம். ஆய்வு அதன் கடமைப் பட்டியலில் இல்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்தது.

திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரி அந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1885 முதல் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. தமிழுலகம் அவரை 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் ஆசிரியராகவே நினைவில் வைத்துள்ளது. அவருடைய பெரிய உழைப்பு வேறிடத்திலும் கிடந்தது. கோயில்களில் இருந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படித்து, 12, 13ஆம் நூற்றாண்டு வேணாட்டு மன்னர்களின் வரிசையை ஆண்டுக்கணக்கோடு நிறுவினார். 1894இல் அது நூலாயிற்று. சம்பந்தர் காலத்தை வரையறுத்த கட்டுரையும் அக்காலத்ததே. வகுப்பில் கற்பித்தது தத்துவம். ஆராய்ந்ததோ கல்வெட்டும் காலமும். அவருடைய பதவி இந்த ஆய்வைக் கேட்கவில்லை. 1897இல், 42ஆம் வயதில் அவர் மறைந்தார்.

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது இந்தக் குறை உணரப்பட்டிருந்தது. தொழில்நுட்பக் கல்வியும் பயன்முறை ஆய்வும் அதன் நோக்கங்களுள் முதன்மை பெற்றன. 1939இல் பொறியியல் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல் ஆகிய மூன்று பிரிவுகள். பட்டப்படிப்புக்குப் பிரிவுக்கு 21 மாணவர். இன்றைய எண்ணிக்கையை அறிந்தவர் பெருமூச்சு விடக்கூடும். ஆனால் பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்று தனித் துறை ஒன்றையும் வைத்தது. கற்பிக்கும் கூடமும் ஆராயும் கூடமும் ஒரே குடையின்கீழ் இரு கதவுகளாயின.

பின்னர் நாடே அவ்வழியில் சென்றது. 1960ஆம் ஆண்டளவில் அப்பொறியியல் கல்லூரி குளத்தூர் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள தும்பாக் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21இல் முதல் ஏவூர்தி விண்ணை நோக்கிப் பாய்ந்தது. தும்பாவில் அறைக் கண்காணிப்பு இல்லை. குளத்தூரில் ஏவுதளம் இல்லை. ஆய்வுக்குத் தனி நிறுவனங்கள், தேர்வுக்குப் பல்கலைக்கழகங்கள் என்ற இந்தப் பிரிவினை ஏவூர்தி இயலுக்கு நன்மை செய்தது. பொறியியல் ஆசிரியருக்குச் செய்ததா என்பது வேறு கேள்வி.

பொறியியலில் இந்நெருக்கடி கூர்மையாவதற்கு ஒரு காரணம், பொருள்கள் காத்திருப்பதில்லை. கற்காரைக் கனசதுரம் ஒன்றை வார்த்தால் அதன் வலிமையை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அழுத்திப் பார்க்க வேண்டும். 28ஆம் நாள் கண்காணிப்புப் பணி வந்தால், 30ஆம் நாள் கிடைக்கும் எண் வேறோர் எண். எனவே வார்க்கும் தேதியைத் தேர்வு அட்டவணையிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிப்பவரே அனுபவசாலி. ஆண்டுத்தேர்வு இருந்த காலத்தில் இக்கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை. பருவமுறை வந்தபின் இருமுறை. துணைத்தேர்வுகள் தனி.

ஆய்வைக் கேட்காத பதவி, பிற்காலத்தில் அதை எண்ணிக் கேட்கத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியரின் உழைப்பைப் புள்ளிகளாக்கின. வினாத்தாள், கண்காணிப்பு, திருத்தம் ஆகிய தேர்வுப் பணிகள் அனைத்திற்கும் சேர்த்து ஆண்டுக்கு 25 புள்ளிகள் வரை. தரமான ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 15. இரண்டும் வெவ்வேறு வகைமைகளில் வைக்கப்பட்டதால் ஒன்றால் மற்றதை ஈடுசெய்ய இயலவில்லை. தேர்வுப் பணி குறையவில்லை. அதன்மேல் ஆய்வு ஏற்றப்பட்டது.

2014இல் கேரளத்தின் பொறியியல் கல்லூரிகளுக்கென்று தனித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்திலேயே நிறுவப்பட்டது. பின்னர் அதற்குத் தும்பாவில் பணியாற்றிய அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது. மாநிலம் முழுவதும் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது அதன் முதன்மைப் பணி.