தாய்-சேய் நர்சிங்கில் மேற்படிப்பு: கொல்கத்தாவில் எதைப் பார்த்து கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

பி.எஸ்சி நர்சிங் முடித்து கொல்கத்தாவில் வேலை பார்க்கிறீர்களா? அடுத்து பிரசவம், பச்சிளங்குழந்தை பராமரிப்பில் எம்.எஸ்சி படிக்கலாம்னு யோசனையா? கட்டணம், விடுதி, கல்லூரியின் பெயர் எல்லாம் பார்ப்பதற்கு முன், ஒரு எண்ணைப் பாருங்கள்: 82.7%.

மேற்கு வங்கத்தின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் சிசேரியனின் பங்கு அது. அரசு மருத்துவமனைகளில் 22.9%தான். இரண்டுமே 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு. தமிழ்நாட்டில் தனியாரில் 63.8%, அரசில் 36%.

இதற்கும் உங்கள் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் உண்டு. பிரசவம் பார்ப்பது கையால் கற்கும் வேலை. நூறு பிரசவத்தில் 17 மட்டுமே சுகப்பிரசவமாக நடக்கும் இடத்தில், ஒரு மாணவிக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? அதனால் கல்லூரியைவிட, அது மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனைதான் முக்கியம். 2018-20இல் மேற்கு வங்கத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 103 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய சராசரி 97, தமிழ்நாட்டில் 54. கைப்பழக்கம் உள்ள நர்ஸ் லேபர் வார்டில் இருப்பது எவ்வளவு முக்கியம்னு இந்த எண்களே சொல்லும்.

எந்தப் படிப்பு?

எம்.எஸ்சியில் 'தாய்-சேய்' என்று ஒரே பிரிவு கிடையாது. தாய் பக்கம் என்றால் மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் நர்சிங். குழந்தை பக்கம் என்றால் குழந்தைகள் நல நர்சிங். பச்சிளங்குழந்தை பராமரிப்பு இதற்குள் வரும். இரண்டும் 2 வருஷம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எம்.எஸ்சி பாடங்களில் கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகம் மூன்றும் பெரிய இடம் பிடிக்கின்றன. ஆசிரியர் வேலைக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் இந்தப் பட்டம் நல்ல வழி. லேபர் வார்டில் சுயமாக முடிவெடுக்கும் அதிகாரத்தை இது தானாகத் தந்துவிடாது.

வார்டிலேயே இருக்கணும்னு நினைப்பவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு:

• மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர்: 18 மாதப் பயிற்சி. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதலில் வந்தது. சிக்கல் இல்லாத பிரசவங்களை நர்ஸ்களே முன்னின்று கவனிப்பதுதான் நோக்கம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இது அதிகம் பொருந்தும்.

• நியோநேட்டல் நர்சிங் போஸ்ட் பேசிக் டிப்ளமோ: ஒரு வருஷம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு ஏற்றது. இந்தத் துறையில் மேற்கு வங்கத்துக்குத் தனிப் பெயர் உண்டு. 2003இல் புருலியா மாவட்ட மருத்துவமனையில் தொடங்கிய பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவுதான் பிறகு நாடு முழுவதும் முன்மாதிரி ஆனது.

சேர்வது எப்படி?

அடிப்படைத் தகுதி: பி.எஸ்சி அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங்கில் 55%, நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு, ஒரு வருஷ அனுபவம். மேற்கு வங்கத்தில் மாநில நுழைவுத் தேர்வு வாரியம் எம்.எஸ்சி நர்சிங்குக்குத் தனித் தேர்வு நடத்துகிறது. பட்டம் தருவது மேற்கு வங்க சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். நீங்கள் தமிழ்நாட்டில் படித்தவர் என்றால், விண்ணப்பிக்கும் முன் தகவல் கையேட்டில் வசிப்பிட விதியைப் படித்துவிடுங்கள். தமிழ்நாடு கவுன்சில் பதிவை மேற்கு வங்க நர்சிங் கவுன்சிலுக்கு மாற்றும் வேலையையும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

மொழியும் ஒரு தகுதிதான். வலியில் இருக்கும் பெண்ணிடம் 'மூச்சை இழுத்து விடும்மா' என்பதை வங்காளத்தில் சொல்லத் தெரியணும்.

வெளிநாடு போகும் திட்டமா?

பிரிட்டனில் மிட்வைஃப் என்பது நர்ஸிலிருந்து தனித் தொழில். பதிவும் தேர்வும் தனி. அமெரிக்காவில் சான்று பெற்ற நர்ஸ்-மிட்வைஃப் ஆக, அங்கே அங்கீகாரம் பெற்ற மேற்படிப்பு வேண்டும். இந்திய எம்.எஸ்சியை மட்டும் வைத்து இரண்டு இடத்திலும் நேராக மிட்வைஃப் ஆகிவிட முடியாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பயிற்சி மருத்துவமனை எது? அங்கே மாதம் எத்தனை பிரசவம், அதில் எத்தனை சுகப்பிரசவம்?
2. அந்தப் பிரசவங்களில் மருத்துவ மாணவர்களோடும் பி.எஸ்சி மாணவிகளோடும் நீங்கள் எப்படிப் பங்கு போடுவீர்கள்?
3. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை வாரம்?
4. இந்த ஆண்டு அந்தப் பிரிவுக்குக் கவுன்சில் அனுமதி இருக்கிறதா? கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள்.
5. சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது வார்டில் இருக்கிறார்களா, வகுப்பறையிலா?

ஐந்தாவது கேள்விக்கான பதிலைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைப் பிடித்து, அவருடைய லாக் புக்கைப் பார்க்கக் கேளுங்கள். அவர் தானே முன்னின்று பார்த்த பிரசவங்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். நீங்கள் கட்டப்போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.