கூடாரத்தைத் தின்ற பூசணம்

போரின் வரலாறு பெரும்பாலும் படைக்கலங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எத்தனை கப்பல்கள் மூழ்கின, எத்தனை தீவுகள் கைமாறின என்று கணக்குத் தரும் நூல்கள், அப்படைகள் எதன் கீழ் உறங்கின என்பதைச் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையினரோடு கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பகையும் பொருதது. அதன் பெயர் பூசணம்.

1943 நவம்பர் 1 அன்று, சாலமன் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான போகன்வில்லில் அமெரிக்கப் படை கரையிறங்கியது. மழையும் புழுக்கமும் ஓயாத நிலம் அது. கூடாரத் துணிகளில் முதலில் புள்ளிகள் தோன்றின. பிறகு துணி நைந்தது. பின்னர் கைபட்ட இடத்தில் கிழிந்தது. தோள்வார்கள், மணல்மூட்டைகள், தோற்காலணிகள் என எதுவும் தப்பவில்லை. தொலைநோக்கிகளின் கண்ணாடி வில்லைகளிலும் பூசண இழைகள் படர்ந்து பார்வையை மறைத்தன.

கறையைத் தேய்த்து நீக்கி, வெயிலில் உலர்த்தினால் போதாதா என்று வாசகர் வினவலாம். போதாது. பருத்தி என்பது ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். அதுவோ சர்க்கரை மூலக்கூறுகள் நீளக் கோக்கப்பட்ட சங்கிலி. பூசணம் தன் உடலிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு அச்சங்கிலியை அறுத்து, கிடைக்கும் குளுக்கோஸை உண்கிறது. ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும் கறை, விருந்து முடிந்த பின் எஞ்சிய எச்சிலை மட்டுமே. கறையைக் கழுவலாம், அறுந்த இழைக்கு வலிமையை மீட்டுத் தர எந்தச் சவர்க்காரத்தாலும் இயலாது. இதனால்தான் படையினர் தடுப்பை நாடினர். செம்பு நாப்தனேட் என்னும் கலவையில் துணியைத் தோய்த்தனர். துணி பச்சை நிறமேறி நாற்றமடித்தது. ஆயினும் பூசணம் அணுகத் தயங்கியது.

இவ்விடத்தில்தான் வரலாறு திசை மாறுகிறது. அமெரிக்கப் படையின் தளவாடப் பிரிவு, பிலடெல்பியாவில் வெப்பமண்டலச் சிதைவை ஆராய ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது. பாழான பொருள்களிலிருந்து பூசணங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, வளர்க்கப்பட்டன. போகன்வில்லில் கிடைத்த ஒரு பருத்திக் கூடாரத் துணியிலிருந்து பிரிக்கப்பட்டது கியூ.எம்.6ஏ என்னும் எண் பெற்றது.

அழிக்க வேண்டிய பகையை இவ்வளவு பரிவோடு வளர்ப்பானேன்? அது எவ்வாறு தின்கிறது என்று அறிந்தாலன்றி எவ்வாறு தடுப்பது என்று அறிய முடியாது என்பதே அவர்கள் கொண்ட நியாயம். எல்வின் ரீஸ், ரால்ஃப் சியூ, ஹில்லல் லெவின்சன் ஆகியோர் 1950இல் வெளியிட்ட கட்டுரை, செல்லுலோஸைச் சிதைப்பது ஒற்றை நொதியன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படும் நொதிகளின் கூட்டம் என்னும் கருத்தை முன்வைத்தது. 1950களில் ஆய்வுக்கூடம் மாசசூசெட்ஸின் நேட்டிக் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே ரீஸோடு மேரி மாண்டல்ஸ் இணைந்தார். பூசணம் நொதியை மிகுதியாகச் சுரக்கும் சூழல் எது என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. துணியைச் சர்க்கரையாக்கும் பூசணம் கழிவுத்தாளையும் வைக்கோலையும் சர்க்கரையாக்காதா, அச்சர்க்கரையிலிருந்து எரிசாராயம் கிட்டாதா என்ற கேள்வி எழுந்தது. கூடாரத்தைக் காக்கத் தொடங்கிய ஆய்வு, அதே சிதைவை விரைவுபடுத்தும் ஆய்வாயிற்று. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அதிலிருந்து மேலும் மிகுதியாகச் சுரக்கும் திரிபுகளை உருவாக்கினர். 1977இல் இப்பூசணம் தனி இனமென அறியப்பட்டு, ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் பெற்றது. இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும் சலவைத்தூளிலும் எரிசாராய ஆலைகளிலும் பயன்படும் அவ்வினத்தின் வகைகள் அந்த ஒற்றை மாதிரியின் வழித்தோன்றல்களே. 2008இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது அறிஞர் வியந்தனர். செல்லுலோஸைச் சிதைக்கும் மரபணுக்கள் அதனிடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. உள்ள சிலவற்றையே அது பெருக்கெடுத்துச் சுரக்கிறது.

இவ்வரலாற்றைப் பகைவன் பணியாளனான கதை என்று முடித்துவிட மனம் ஒப்பவில்லை. பூசணத்தின் பெயரில் ரீஸ் இருக்கிறார். எண்ணில் படைப்பிரிவு இருக்கிறது. போகன்வில் மட்டும் இல்லை. ஒரு நிலத்தின் உயிர்வளம் அந்நிலத்தாருக்கு உரியது என்பதை உலக நாடுகள் உடன்படிக்கையாக எழுதியது 1992இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, மக்கிய துணியோடு துணியாக அத்தீவின் செல்வம் கடல் கடந்துவிட்டது. எடுத்தவர்களும் தாம் எடுப்பது செல்வமென்று அறிந்தாரில்லை. குற்றம் சாட்ட ஆளில்லாத இழப்புகளையும் வரலாறு பதிவு செய்தாக வேண்டும். அந்தத் தீவின் பெயரை இங்கே எழுதிவைப்பது அதன்பொருட்டே.