உறவினர் யார்?

செல்லூர்க் கல்யாண ஊர்வலங்களில் பாண்டு செட்டுக்காரர்கள் ஸாக்ஸபோன் ஊதக் கேட்டு வளர்ந்தவன் நான். சினிமாப் பாட்டுக்கான வாத்தியம் என்றே அதை நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு இசைத்தட்டு: 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்'. உறவினர் என்று பொருள்.

ருத்ரேஷ் மகந்தப்பா இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்; நவீன ஜாஸின் பரிசோதனைக்காரர். அவருடைய ஆதர்சம் சார்லி பார்க்கர். பார்க்கரின் இசைக்கு அடியில் ப்ளூஸ். ப்ளூஸுக்கு அடியில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் குரல். அவரோடு சேர்ந்து வாசித்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வரக்காரர் ஒருவரின் மகன். மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு அதில் பித்தானவர். 1980 பம்பாய் ஜாஸ் விழாவிலேயே ஜான் ஹாண்டியுடன் மேடையேறியவர்.

'மேல்நாட்டு வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதம் வென்றது' என்று நாம் பெருமைப்படுவது சரியா? 1840களில் பெல்ஜியரான அடால்ஃப் ஸாக்ஸ் செய்த வாத்தியம் இது. ராணுவ பாண்டுகளில் புகுந்து பரவியது. துளைகளை விரல் தொடுவதில்லை. மூடிகளே மூடித் திறக்கின்றன. ஸ்வரங்கள் படிக்கட்டுகள்போல் தனித்தனியே நிற்கும். நாகஸ்வரக்காரர் துளையைப் பாதி மூடிக் கொண்டுவரும் கமகத்தை இதில் உதட்டாலும் மூச்சாலும்தான் வரவழைக்க வேண்டும். ப்ளூஸ் பாடகனின் வளைந்த ஸ்வரத்துக்காகக் கறுப்புக் கலைஞர்களும் இதே வாத்தியத்தோடு இப்படித்தான் மல்லுக்கட்டினார்கள்.

கன்னியாகுமரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் உடன்வர, இரண்டு ஸாக்ஸபோன்களும் இந்தத் தட்டில் சந்திப்பது ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தில். மகந்தப்பா கர்நாடக வித்வானாக வேஷம் கட்டவில்லை. கத்ரி ஜாஸ்காரராக மாறவில்லை. அவரவர் மூச்சு பழகிய வழியில் நிற்கிறார்கள். உறவு என்பது ரத்தத்தைவிட இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் கத்ரிக்கு சபாக்களில் நாம் தட்டிய கையில் பாதி நாகஸ்வரத்துக்குச் சேரவேண்டியது. அந்த வாத்தியத்தையோ மங்கலம் என்று பெயர் சூட்டிப் பெரும்பாலும் வாசலோடு நிறுத்திவிட்டோம்.

சென்ற தையில் எங்கள் தெருக் கல்யாணமொன்றில் ஒருவர் தோடியை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டிருந்தார். மெல்லிசைக் குழுவுக்கு நேரமாகிவிட்டதென்று நடுவிலேயே மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவர் மைக் இல்லாமலே வாசித்து முடித்தார். நானும் அந்த வீட்டுக்கு உறவினன்தான். பேசாமல் பந்திக்குப் போனேன்.