பீர் இல்லாத பிராட்வுர்ஸ்ட்டும் ஒரு பழைய கடனும்

மக்களே, இது சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு வரலாறுக்குள்ள போய், கடைசியில ஒரு மன்னிப்புல முடியப்போற பதிவு. பொறுமை உள்ளவங்க தொடரலாம் :-)

நான் அமெரிக்காவில விஸ்கான்சின் மாநிலத்துல ஆணி புடுங்கிட்டிருந்த காலம். கோடை வந்தா போதும், அந்த ஊர்ல வாரக்கடைசி ஆனா வீட்டுக்கு வீடு கரி அடுப்புப் புகைதான். எங்க ப்ராஜக்ட்ல இருந்த ஒரு உள்ளூர்க்காரர் வீட்டுக்கு நானும் என் அறைத்தோழனும் போயிருந்தோம். பெரிய அலுமினியத் தட்டுல பீர், வெங்காயம், வெண்ணெய். அதுக்குள்ள பிராட்வுர்ஸ்ட் கொதிச்சிட்டிருக்கு. அப்புறம்தான் அடுப்புக் கம்பி மேல ஏறுமாம்.

நம்மாளு பீரைப் பார்த்ததும் தட்டைக் கீழே வெச்சிட்டான். "எனக்கு வேணாம்டா."

"மச்சி, கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் ஆவியாப் போயிடும். அறிவியல்டா. சும்மா சாப்பிடு"ன்னு நான் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் வேற, "பீர் இல்லேன்னா அது பிராட்டே இல்ல"ன்னு சிரிச்சார். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அவன் வெறும் பன்னுல கடுகு சாஸ் தடவி, உருளைக்கிழங்கு சாலடோட சாப்பிட்டு முடிச்சான். அவங்க அப்பாவைக் குடி கொண்டு போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன். அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

ராத்திரி தூக்கம் வரல. சரி, நாம சொன்னது நிஜம்தானான்னு தேட ஆரம்பிச்சேன். முதல் அடியே எனக்குத்தான். அமெரிக்க விவசாயத்துறை வெளியிட்ட அட்டவணைப்படி, மதுவைக் கலந்து 15 நிமிஷம் சமைச்சா சுமார் 40 சதவீத ஆல்கஹால் அப்படியே இருக்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் கால் பங்கு மிச்சம். ஆக, "அறிவியல்டா" வசனம் அம்பேல்.

அடுத்து, "பீர் இல்லேன்னா பிராட்டே இல்ல" வசனம். அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணும்.

முதல்ல பேரு. 'பிராட்'னா வறுக்கிறதுன்னுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஆனா அது எலும்பில்லாத சதையைக் குறிக்கிற பழைய ஜெர்மன் சொல்லுல இருந்து வந்தது. 'வுர்ஸ்ட்'னா சாசேஜ். கொத்தின கறியில செஞ்ச சாசேஜ், அவ்வளவுதான். பேர்ல பீருக்கு இடமே இல்லை.

நியூரம்பர்க் நகரத்துல 1313லயே இந்தக் கறி விஷயத்துல நகரசபை தலையிட்டதுக்கு ஆவணம் இருக்கு. அந்த ஊர் பிராட்வுர்ஸ்ட் நம்ம சுண்டுவிரல் சைஸ்தான். 7ல இருந்து 9 சென்டிமீட்டர் நீளம், 20ல இருந்து 25 கிராம் எடை. ஆட்டுக்குடல் உறை, மார்ஜோரம்ங்கிற மூலிகையோட வாசனை, பீச் மரக்கட்டை நெருப்பு. 2003ல ஐரோப்பிய ஒன்றியம் இதுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்திடுச்சு.

அங்கேயிருந்து வடக்கே துரிங்கியா. ஆர்ன்ஸ்டாட் ஊர்ல ஒரு கன்னிமாடத்தோட 1404ஆம் வருஷக் கணக்குல, பிராட்வுர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்கினதுக்கு ஒரு குரோஷன் காசு செலவு எழுதியிருக்காங்க. துரிங்கியா பிராட்வுர்ஸ்ட் பத்தின ரொம்பப் பழைய எழுத்துச் சான்று இதுதான்னு சொல்றாங்க. கணக்கெழுதின புண்ணியவதிக்கு 600 வருஷம் கழிச்சு இதை ஒருத்தன் படிப்பான்னு தெரிஞ்சிருக்குமா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது வைமார் நகரத்து 1432ஆம் வருஷச் சட்டம். பிராட்வுர்ஸ்ட்டுல சுத்தமான, புதுப் பன்றிக்கறி மட்டும்தான் இருக்கணும். மாட்டுக்கறி, குடல் ஈரல் சமாச்சாரம், கெட்டுப்போன கறி எதுவும் கலக்கக்கூடாது. மீறினா 24 பெனிக் அபராதம். இந்த ஏட்டை 2007ல ஆவணக்காப்பகத்துல கண்டுபிடிச்சவர் பேராசிரியர் எல்லாம் இல்லை. நம்மள மாதிரி பொழுதுபோக்கா வரலாறு தோண்டுற ஒருத்தர்! (பதிவர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.)

ஜெர்மனின்னாலே எல்லாரும் பெருமையா சொல்றது பவேரியாவோட பீர் தூய்மைச் சட்டம். அது 1516. அதாவது சாசேஜ் சட்டம் பீர் சட்டத்துக்கு 84 வருஷம் மூத்தது. ஆங், நியாயமா ஒண்ணு சொல்லிடணும். துரிங்கியாவில அடுப்புல வேகறப்போ மேல கொஞ்சம் பீர் தெளிக்கிறவங்களும் உண்டு. தண்ணி தெளிக்கிறவங்களும் உண்டு. ஆனா பீர்ல முக்கி வேகவைக்கிறது அங்கே மரபு இல்லை.

அப்போ ஜெர்மனியில சாறுல வேகவைக்கிற வழக்கமே இல்லையா? இருக்கு. நியூரம்பர்க் இருக்கிற பிராங்கோனியா பகுதியில 'சௌரே சிப்ஃபெல்'னு ஒண்ணு. புளிப்பு நுனின்னு தமிழ்ப்படுத்தலாம். வினிகர், தண்ணி, வெங்காய வளையம், பிரிஞ்சி இலை, மிளகு, கிராம்பு. சிலர் வெள்ளை ஒயினும் சேர்ப்பாங்க, கட்டாயம் இல்லை. சாசேஜ் லேசா நீலம் பாய்ஞ்ச மாதிரி ஆகறதால 'நீல நுனி'ன்னும் பேர்.

அப்படின்னா பீர் எங்கே உள்ளே வந்தது? 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமா விஸ்கான்சின்ல குடியேறினாங்க. மில்வாக்கியில பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர்னு பெரிய பீர் ஆலைகளை வளர்த்ததும் அவங்கதான். கையில இருந்த சாறு பீர். சட்டிக்குள்ள போயிடுச்சு. ஆனா 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. வழக்கமான பீர் விக்கவே சட்டத்துல இடமில்லை. அதுக்காக அந்த மக்கள் சாசேஜைக் கைவிட்டுடலையே!

இன்னொரு கூத்து. அதே விஸ்கான்சின்ல ஷெபாய்கன்னு ஒரு ஊர். 1953ல இருந்து பிராட்வுர்ஸ்ட் திருவிழா நடத்துற ஊர். ஒஹாயோ மாநிலத்து பியூசைரஸ் ஊரோட போட்டி போட்டு, 1970ல ஒரு நீதிபதி வாயால "உலக பிராட்வுர்ஸ்ட் தலைநகரம்"ங்கிற பட்டத்தை வாங்கினவங்க. அந்த ஊர்ப் பழைய கைகள் பச்சை சாசேஜை நேரா கரி நெருப்புலதான் போடுவாங்க. முன்கூட்டி வேகவைக்கிறதே அவங்களுக்கு ஆகாது. தலைநகரத்துலயே பீர் கட்டாயம் இல்லைன்னா, நம்ம வீட்டுக்காரர் எந்த ஊர்ச் சட்டத்தைப் பேசினார்?

பொட்டி தட்டுறவன் மூளையோட யோசிச்சாலும் இதேதான். பீர்ல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. சட்டியோட வேலை, உள்பக்கத்தை நிதானமா 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டு போறது. சாறு தளதளன்னு கொதிச்சா உறை சுருங்கி வெடிக்கும், கொழுப்பு வெளியே ஓடிடும். கொதிநிலைக்குக் கீழே வெச்சா தப்பிக்கும். எந்தச் சாறுங்கிறது ருசிக்கு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு செஞ்சேன். ஒரு லிட்டர் தண்ணி, ஒரு கப் வினிகர், மூணு வெங்காயம், மேலே சொன்ன மசாலா. மசாலா சாறு கால் மணி நேரம் கொதிச்சதும் அடுப்பைக் குறைச்சு, சாசேஜ் போட்டு இருபது நிமிஷம். தட்டுல சாறோட ஊத்தி, ரொட்டியும் வெச்சேன்.

அவன் சட்டியை எட்டிப் பார்த்தான். "இதுல என்ன ஊத்தியிருக்கே?"

"வினிகர்டா. வேற ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ஆல்கஹால் முழுசாப் போகாது. நான் சிரிச்சிருக்கவும் கூடாது."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரொட்டியைச் சாறுல தோய்ச்சான். "உப்பு கம்மி"ன்னான். ரெண்டாவது சாசேஜையும் எடுத்துக்கிட்டான்.

டிஸ்கி: பன்றிக்கறி சாப்பிடாதவங்க கோழி சாசேஜ்ல செய்யலாம். அதுக்கு உள்சூடு 74 டிகிரி வரணும். வைமார் சட்டப்படி 24 பெனிக் அபராதத்துக்கு நான் பொறுப்பில்லை ;-)