விளக்கெண்ணெயும் பிரேக்கும்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைச் செஞ்சிக்கருகே மண்டகப்பட்டில் காணலாம். ஆனால் மசகின்றி ஓடும் வண்டியை எங்கும் காண முடியாது! நம் கிராமத்தார் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி அச்சுக்கு இட்டனர்.

1920களில் பரவிய திரவ பிரேக்குகளிலும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவம் பயன்பட்டது. ஏன் தெரியுமா? பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பச் செய்யும். விளக்கெண்ணெய் அவ்வாறு செய்யாது.

இன்றைய காரின் காலிப்பர் பின்னுக்கும் இதே பாடந்தான். சாதாரண கிரீஸ் இட்டால் ரப்பர் உப்பி, பின் நகராமல் இறுகும். பிரேக் கட்டைகள் ஏறுமாறாகத் தேயும். வண்டி நிற்கும் தூரம் கூடும். ஆகவே பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, இதற்கெனத் தயாரித்த சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூசுங்கள். தட்டில் மட்டும் துளியும் படக்கூடாது. அங்கே உராய்வுதான் உயிர் காக்கிறது.