ரத்தம் சிந்தாமல் ரத்தத்தை அளந்த கதை

பெர்ட்டினோ ஒரு விவசாயி. தலையில் செங்கல் விழுந்து முன்மண்டை உடைந்துபோனவர். 1877இல் இத்தாலியின் டூரின் நகரில் உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோஸ்ஸோ அவரைச் சோதித்தார். உடைந்த இடத்தில், கைக்குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதுபோல, தோலுக்கடியில் மூளை துடித்துக்கொண்டிருந்தது. மோஸ்ஸோ அதன்மேல் ஒரு மூடியைப் பொருத்தி, துடிப்பு ஒவ்வொன்றும் சுழலும் உருளையில் கோடாக விழும்படி செய்தார். நண்பகலில் தேவாலய மணி அடித்தது. பெர்ட்டினோ அசையவில்லை, பேசவுமில்லை. கோடு மட்டும் உயர்ந்தது. ஜெபம் சொல்ல வேண்டிய நேரமென்று நினைத்தீரா என்று மோஸ்ஸோ கேட்டார். ஆம் என்றார் அவர். எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் கோடு எழும்பியது.

சிந்தனைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை மனிதரிடம் கண்ணால் கண்ட முதல் சான்றுகளில் இது ஒன்று. ஆனால் அதற்கு ஓர் உடைந்த மண்டை தேவைப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் துறை நடந்த பாதை, நோயாளிக்கு நேரும் வலியைப் படிப்படியாகக் குறைத்த பாதைதான்.

உடையாத மண்டைக்குள் ஓடும் ரத்தத்துக்கு முதலில் எண் கொடுத்தவர்கள் பிலடெல்பியாவின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1940களில் அவர்கள் கண்ட முறை எளிதல்ல. படுத்திருப்பவர் பத்து நிமிடம் நைட்ரஸ் ஆக்ஸைடு கலந்த காற்றைச் சுவாசிப்பார். ஒரு தமனியில் ஓர் ஊசி. காதுக்குக் கீழே, மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரையில் இன்னோர் ஊசி. இரண்டு பக்கமும் மாறிமாறி ரத்தம் எடுத்து, மூளை எவ்வளவு வாயுவை உறிஞ்சியது என்று கணக்கிட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லிலிட்டர் என்று விடை வந்தது. 1951இல் கெட்டியும் சகாக்களும் முதுமை மறதி உள்ளவர்களிடம் இதே முறையில் அளந்தபோது ஓட்டம் குறைந்திருந்தது.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. மொத்த மூளைக்கும் ஒரே எண். மனக்கணக்குப் போடும்போதுகூட அந்த மொத்த எண் மாறவில்லை என்று 1955இல் லூயிஸ் சோகோலோஃப் குழு கண்டது. மறதி நோய் தொடங்கும்போது குறைவது சில இடங்களில்தான். மொத்தக் கணக்கில் அது மறைந்துபோகும்.

இடம்வாரியாகப் பார்க்கக் கதிரியக்க செனான் வாயு வந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் லாசனும் ஸ்வீடனின் டேவிட் இங்வாரும் அதைக் கழுத்துத் தமனியில் செலுத்தினார்கள். பிறகு வால்டர் ஒப்ரிஸ்ட் போன்றோர் செனானைச் சுவாசிக்க வைத்தே அளந்தபோது அந்த ஊசியும் போனது. ஆனால் கதிரியக்கம் போகவில்லை. மூளையின் ஆழமும் தெரியவில்லை.

திருப்பம் 1992இல் வந்தது. ஜான் டெட்ரே, டொனால்ட் வில்லியம்ஸ், ஆலன் கொரெட்ஸ்கி ஆகியோர் வெளியிலிருந்து எதையும் செலுத்தாமல், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையே அடையாளப் பொருளாக்கினார்கள். எம்ஆர்ஐ இயந்திரம் கழுத்தருகே அந்த நீரின் காந்தத் திசையைப் புரட்டிவிடும். இரண்டு நொடிக்குள் அது மூளைக்கு ஏறிவிடும். அப்போது ஒரு படம். புரட்டாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பது வந்துவிடும். வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான் என்பதால் பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். 2000இல் டேவிட் அல்சாப் குழு இந்த முறையில் அல்சைமர் நோயாளிகளின் மூளையைப் பார்த்தது. செனானும், அதன்பின் வந்த, கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனும் சுட்டிக்காட்டிய அதே பகுதிகளில், பக்கவாட்டிலும் பின்புறத்திலும், ஓட்டம் குறைந்திருந்தது. ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை.

நோய்க்கு முன்பே இந்தக் குறைவு தெரியுமா என்பதுதான் இன்று ஆய்வாளர்களைத் துரத்தும் கேள்வி. ரோட்டர்டாம் நகரில் 55 வயதைத் தாண்டிய 1,730 பேரின் மூளை ரத்த ஓட்டத்தின் வேகத்தை நெற்றிப்பொட்டருகே அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்த ஆய்வு 2005இல் வெளியானது. மறதி நோய் இல்லாதவர்களிலும், வேகம் குறைந்தவர்களின் நினைவுத்திறன் முந்தைய ஆண்டுகளில் அதிகம் சரிந்திருந்தது. மூளைத்திசு சுருங்கியதால் ரத்தம் குறைந்ததா, ரத்தம் குறைந்ததால் திசு சுருங்கியதா என்பது இன்னும் தீராத வழக்கு. 2016இல் யாசெர் இதூரியா மெதினாவின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து, அல்சைமரில் முதலில் தடுமாறுவது ரத்த ஓட்டமே என்று வாதிட்டது.

எம்ஆர்ஐ தரும் ரத்த ஓட்டப் படத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. அப்படி வாக்குக் கொடுப்பவரை நம்பவும் கூடாது. வயது, ரத்தக் கொதிப்பு, தூக்கம் எல்லாமே ஓட்டத்தை மாற்றும். ஸ்கேனுக்கு முன் குடித்த ஒரு டம்ளர் காபிகூட அதைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆனால் மறதி என்று வரும் பெரியவருக்கு எம்ஆர்ஐ எப்படியும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதே படுக்கையில், அதே இயந்திரத்தில், ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கினால் ரத்த ஓட்டமும் கிடைத்துவிடும். உடலுக்குள் எதுவும் செலுத்தாததால், அடுத்த ஆண்டு மறுபடி எடுத்து ஒப்பிடவும் தடையில்லை.